சூடாகும் சிப்பின் நியாயம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி வளர்ந்துவிட்ட வேங்கிக்காலில், பேட்டரி இல்லாத வீட்டை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசியை விட்டுவிடுவோம். கொசு பேட், டார்ச், கரண்ட் போனால் எரியும் விளக்கு, கழுத்தில் மாட்டும் இயர்போன், ட்ரிம்மர், கையடக்க ஃபேன், பிள்ளைகளின் ரிமோட் கார் என்று ஏதாவது ஒன்று எப்போதும் ப்ளக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தள்ளுவண்டிகளில் எரிகிற வெள்ளை விளக்குகள் பலவற்றிலும் இப்போது லித்தியம் செல்தான். இப்படிப்பட்ட சிறு பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குள், ப்ளக்குக்கும் செல்லுக்கும் நடுவே, ஐந்து மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு ஐசி உட்கார்ந்திருக்கிறது. லீனியர் சார்ஜர் என்பது அதன் வகைப்பெயர். மின்னணுவியல் படித்தவர்கள் பலருக்கு அதன்மேல் மரியாதை குறைவு. அது பழைய முறை, வரும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வெறும் சூடாக்கித் தொலைக்கிறது, நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது என்பார்கள். அவர்கள் சொல்லும் உண்மைகள் சரி, முடிவுதான் சரியில்லை என்று நினைக்கிறேன். சின்ன செல்லுக்கு இந்த ஐசியைவிடப் பொருத்தமான காவல் கிடையாது. குற்றம் அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, வெப்பத்தை உணரும் அதன் காலைக் கட்டிப்போட்டு விற்பவர்களுடையது.

முதலில், லித்தியம் செல்லுக்கு ஏன் இப்படி ஒரு காவல் வேண்டும் என்பதைப் பார்க்கலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நாம் வாங்கிய எமர்ஜென்சி விளக்குகளில் ஈய அமில பேட்டரி இருந்தது. அதை நாள்கணக்கில் ப்ளக்கிலேயே விட்டுவைப்போம். ஆயுள் குறையும், வேறு பெரிய கேடு வராது. ஈய அமிலத்திலும் நிக்கல் செல்லிலும் நீர் கலந்த கரைசல் உண்டு. செல் நிரம்பிய பிறகு வருகிற மின்சாரம் அந்த நீரைப் பிரிப்பதில் செலவாகிப் போகும். லித்தியம் அயான் செல்லில் நீருக்கு இடமே இல்லை. அதிலிருப்பது தீப்பற்றக்கூடிய ஒரு கரிமத் திரவம். நிரம்பி வழிவதற்கு அங்கே ஆபத்தில்லாத வழி எதுவும் இல்லை. நிரம்பிய செல்லுக்குள் மேலும் மின்சாரத்தைத் திணித்தால், ஒருபக்கம் கிராஃபைட்டுக்குள் நுழைய இடமில்லாத லித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். மறுபக்கம் ஆக்சைடின் படிக அமைப்பு குலையத் தொடங்கி ஆக்சிஜனை வெளிவிடும். எரியும் திரவமும் ஆக்சிஜனும் சூடும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிட்டால் அடுத்து நடப்பதைச் செய்திகளில் படித்திருக்கிறோம். பழைய பேட்டரிகள் நமக்குக் கற்றுத்தந்த 'மாட்டிவிட்டு மறந்துவிடு' என்ற பழக்கம் லித்தியம் காலத்திலும் தொடர்கிறது. தொடர்ந்தும் பெரும்பாலான வீடுகளில் எதுவும் ஆகவில்லை என்றால், நாம் மறந்த வேலையை அந்தச் சின்ன ஐசி நினைவாகச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த வகை செல்கள் பெரும்பாலானவற்றின் உச்சவரம்பு 4.2 வோல்ட். விஞ்ஞானி ஜான் குட்இனஃப் ஆக்ஸ்போர்டில் தன் குழுவோடு 1980-ல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாக்கிக் காட்டினார். 1991-ல் சோனி நிறுவனம் அதைக் கொண்ட செல்லைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆக்சைடிலுள்ள லித்தியத்தில் ஏறக்குறையப் பாதியை மட்டுமே வெளியே இழுக்கலாம், அதற்குமேல் இழுத்தால் அமைப்பு தாங்காது என்பதிலிருந்துதான் 4.2 என்ற எல்லை வருகிறது. தமிழ்நாட்டின் தெற்கே அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் பிறகு சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், ஆக்ஸ்போர்டிலும் பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினிலும் குட்இனஃபோடு சேர்ந்து இந்த மின்வாய்ப் பொருள்களை ஆராய்ந்தவர். 2019-ல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். ஆய்வுக்கூடத்தில் அவர்கள் கண்ட எல்லையை நம் வீட்டு டார்ச்சுக்குள் தினமும் காப்பாற்றுகிற வேலை சில ரூபாய் விலையுள்ள ஐசியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பின் நுணுக்கம் சாதாரணமானதல்ல. எல்லையிலிருந்து பத்தில் ஒரு வோல்ட் கீழே நின்றுவிட்டால் செல்லின் கொள்ளளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு கிடைக்காமல் போகும். மேலே போனால் ஆயுள் வேகமாகத் தேயும். ஆகவே லீனியர் டெக்னாலஜி நிறுவனம் உருவாக்கிய எல்டிசி4054 போன்ற நல்ல சார்ஜர் ஐசி, எல்லையை ஒரு சதவீதப் பிசகுக்குள் பிடித்து நிற்கிறது. வோல்ட் கணக்கில் அது நூறில் நான்கு பங்கு. சீனத்தின் நான்ஜிங் டாப் பவர் நிறுவனம் செய்து இன்று உலகெங்கும் கொட்டிக் கிடக்கும் டிபி4056-ல் இந்தப் பிசகு ஒன்றரை சதவீதம்.

ப்ளக்கில் மாட்டியதும் இந்த ஐசி முதலில் செல்லின் வோல்ட்டைப் பார்க்கிறது. டிபி4056-ஐ எடுத்துக்கொண்டால், செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் முழு மின்னோட்டத்தைத் தராது, பத்தில் ஒரு பங்கை மட்டும் கசியவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு எடுத்த விளக்கைப் பரணில் போட்டுவிட்டு அடுத்த கார்த்திகைக்குத்தான் தேடுவோம். அதற்குள் செல் மிகவும் இறங்கிப்போனால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். அப்படி நலிந்த செல்லா இல்லையா என்று தெரியும்வரை சிறிதளவே கொடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். செல் 2.9-ஐத் தாண்டி எழுந்துவிட்டால் இரண்டாம் கட்டம்: ஒரே சீரான மின்னோட்டம். பெரும்பகுதி சார்ஜ் இந்தக் கட்டத்தில்தான் ஏறுகிறது. 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மூன்றாம் கட்டம்: வோல்ட் அங்கேயே நிற்கும், மின்னோட்டம் தானாக இறங்கிக்கொண்டே வரும். அது முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதும் ஐசி வாயிலை மூடிவிட்டுச் சிவப்பு விளக்கை அணைத்து, பச்சையையோ நீலத்தையோ எரியவிடுகிறது. அதன்பின் செல் சுமார் 4.05 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் மறுபடி திறக்கும். ஈய அமில பேட்டரியைப் போலச் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஊட்டும் வழக்கம் இங்கே இல்லை.

இத்தனையையும் ஐசி எப்படிச் செய்கிறது? அதன் நடுவே ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. சார்ஜரின் 5 வோல்ட்டுக்கும் செல்லுக்கும் இடையே அது ஏரி மதகைப் போல நிற்கிறது. முழுக்கத் திறப்பதும் முழுக்க மூடுவதும் அல்லாமல், எந்த அளவுக்குத் திறக்க வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும் திறந்து நிற்கும். எவ்வளவு திறப்பது என்பதை மூன்று சிறு சுற்றுகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒன்று மின்னோட்டத்தைப் பார்க்கிறது. ஓடுகிற மின்னோட்டத்தின் மிகச் சிறிய பிரதியை, டிபி4056-ல் ஏறக்குறைய 1200-ல் ஒரு பங்கை, வெளியே பொருத்திய ஒரு ரெசிஸ்டர் வழியாக விட்டு அளக்கிறது. அந்த ரெசிஸ்டரின் மதிப்பால் 1200-ஐ வகுத்தால் சார்ஜ் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 1200 ஓம் போட்டால் 1 ஆம்பியர். இரண்டாவது சுற்று செல்லின் வோல்ட்டைப் பார்க்கிறது. மூன்றாவது, ஐசியின் சொந்தச் சூட்டைப் பார்க்கிறது. மூன்றில் எது மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கேட்கிறதோ அதன் பேச்சே எடுபடும். உள்ளே கணினி நிரல் எதுவும் ஓடவில்லை. இழுபறியில் ஒன்று விட்டுக்கொடுக்க மற்றொன்று பொறுப்பேற்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு வழுக்கிச் செல்வதும் இப்படித்தான். இந்த எளிமை எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நிரல் தவறிப்போக வாய்ப்பில்லை, புதுப்பிக்கவும் தேவையில்லை.

4.2 என்ற அளவை ஐசி எதை வைத்து ஒப்பிடுகிறது என்ற கேள்வி இன்னும் சுவையானது. சிலிக்கானில் எல்லாமே சூட்டுக்கு ஏற்ப மாறும். ஒரு டிரான்சிஸ்டர் சந்தியின் வோல்ட், ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லி வோல்ட் இறங்கும். வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் ஓடும் இரண்டு சந்திகளின் வோல்ட்டுக்கு இடையிலுள்ள வித்தியாசமோ, சூடு ஏற ஏறக் கூடும். இறங்குவதையும் ஏறுவதையும் சரியான விகிதத்தில் கூட்டினால் சூடு எதுவானாலும் ஏறக்குறைய 1.2 வோல்ட்டில் அசையாமல் நிற்கும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நேஷனல் செமிகண்டக்டரில் பாப் விட்லர் 1970களின் தொடக்கத்தில் இந்த உத்தியை ஐசிக்குள் கொண்டுவந்தார். சூட்டால் நிலைகுலையும் இரண்டு பொருள்களைச் சேர்த்துச் சூட்டுக்கு அசையாத ஒன்றைச் செய்த அந்த வேலை, மின்னணுவியலின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று. ஜனவரிக் குளிரிலும் கத்திரி வெயிலிலும் உங்கள் டார்ச் 4.2-ல்தான் நிற்கிறது என்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இனி முதல் குற்றச்சாட்டுக்கு வரலாம். மதகு பாதி திறந்து நிற்பதற்கு ஒரு விலை உண்டு. 5 வோல்ட் வருகிறது, செல் 3.7 வோல்ட்டில் இருக்கிறது, 1 ஆம்பியர் ஓடுகிறது. இடையிலுள்ள 1.3 வோல்ட் எங்கே போகும்? 1.3 வாட் சூடாக ஐசியின் மேலேயே இறங்கும். செல் 3 வோல்ட்டில் இருந்தால் 2 வாட். வருகிற மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வீண் என்பது உண்மைதான். இதற்கு மாற்றான சுவிட்சிங் வகை ஐசி, நொடிக்குப் பல லட்சம் முறை முழுக்கத் திறந்து முழுக்க மூடும். இடையில் ஒரு காயிலில் ஆற்றலைத் தேக்கிவைத்துக் கொடுப்பதால் பத்தில் ஒன்பது பங்குவரை செல்லுக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்த நான்கில் ஒரு பங்கு என்ற எண்ணைக் கரண்ட் பில்லின் மொழியில் சொல்லிப் பாருங்கள். 2000 மில்லி ஆம்பியர் மணி செல் உள்ள ஒரு விளக்கை முழுக்க ஏற்ற சுமார் 10 வாட் மணி செலவாகும், அதில் இரண்டரை வாட் மணி அளவுக்கு இந்த ஐசியில் சூடாகும். ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. அதாவது நானூறு தடவை சார்ஜ் போட்டால்தான் ஒரு யூனிட் வீணாகும். தினமும் போட்டாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும். இதை மிச்சப்படுத்த ஒரு காயிலும் கூடுதல் பாகங்களும் பெரிய போர்டும் தேவை. அதோடு, அந்த அதிவேகத் திறப்பும் மூடலும் ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கும். காதுகேட்புக் கருவி, சிறிய ரேடியோ, இயர்போன் போன்றவற்றில் அந்த இரைச்சலை அடக்குவது தனி வேலை. லீனியர் ஐசிக்கு இரைச்சலே இல்லை. ஒரு ரெசிஸ்டரும் இரண்டு கெபாசிட்டரும் இருந்தால் போதும். பாகங்கள் குறையக் குறையப் பழுதாகும் இடங்களும் குறைகின்றன.

இந்தக் கணக்கு பெரிய செல்லுக்குப் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி கைப்பேசிக்குள் 3 ஆம்பியரை இந்த முறையில் ஏற்றினால், கையில் பிடிக்கிற பொருளுக்குள் 4 வாட் சூடு கிளம்பும். 9 வோல்ட் தரும் வேகச் சார்ஜரை மாட்டினால் உள்ளே வருவதில் பாதிக்கு மேல் சூடாகவே போகும். அதனால்தான் கைப்பேசிகளும் பவர் பேங்குகளும் மின் ஸ்கூட்டர்களும் சுவிட்சிங் முறைக்கு மாறின, அங்கே அதுதான் சரி. பெரிய செல்களைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் தன் லித்தியம் அயான் செல் தொழில்நுட்பத்தை வழங்க 2018-ல் ராசி சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. திருவண்ணாமலைக்கு அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியில், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா நிறுவனத்தின் செல் தொழிற்சாலை எழுந்திருக்கிறது. செல்லைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் அதற்குச் சோறூட்டுகிற ஐசியைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை. ஒரே செல், ஒழுங்கான சார்ஜரில் பல ஆண்டு உழைக்கும், ஒழுங்கற்றதில் ஒரே ஆண்டில் உப்பிப்போகும்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது: வெயில். இதற்கு எல்டிசி4054-ன் விவரக் கையேட்டிலேயே ஓர் உதாரணக் கணக்கு இருக்கிறது. 5 வோல்ட் வருகிறது, செல் 3.75 வோல்ட்டில் நிற்கிறது, 400 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அப்படியானால் ஐசியில் அரை வாட் சூடு. அந்தச் சிறிய உறையிலிருந்து சூடு வெளியேறும் வேகத்தைப் பார்த்தால், ஒரு வாட்டுக்கு 150 டிகிரி ஏறும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அரை வாட்டுக்கு 75 டிகிரி. ஐசி தன்னை 120 டிகிரிக்கு மேல் போகவிடாது. 120-இலிருந்து 75-ஐக் கழித்தால் 45. சுற்றியுள்ள காற்று 45 டிகிரியைத் தாண்டியதும் அந்த ஐசி தன் மின்னோட்டத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். 60 டிகிரியில் அது 320 மில்லி ஆம்பியராகக் குறைந்திருக்கும். மே மாதத்தில் திருவண்ணாமலை வட்டாரத்தில் வெளிக்காற்றே 40-ஐ நெருங்கும். ஓட்டு வீட்டு ஜன்னலோரத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 45 என்பது அபூர்வமான எண்ணல்ல. அப்படியானால் நம் ஊரில் இந்த ஐசி ஓர் ஓரத்தில் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறது. இதைத்தான் எதிர்ப்பவர்கள் சுட்டுகிறார்கள். ஆனால் அதே கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. ஐசி வெடிக்கவில்லை, அணைந்துபோகவும் இல்லை. சூழலுக்கு ஏற்ப மெதுவாகிக்கொண்டது. செல் ஏற ஏற 5 வோல்ட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையும், சூடும் குறையும், ஐசி மறுபடி தன் முழு அளவுக்குத் திரும்பும். மாலை ஆறு மணிக்கு முடிய வேண்டிய சார்ஜ் ஏழு மணிக்கு முடியும். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஐசி 120 டிகிரியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. செல்லைக் காப்பாற்ற அந்த எண் போதாது. லித்தியம் அயான் செல்லைப் பொதுவாகப் பூஜ்யத்திலிருந்து 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்யலாம். ஜப்பானின் மின்னணுத் தொழில் அமைப்பும் பேட்டரிச் சங்கமும் 2007-ல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதலும் வெப்பநிலைக்கு ஏற்ப மின்னோட்டத்தையும் வோல்ட்டையும் குறைக்கச் சொல்கிறது. இதைச் செய்ய ஐசிக்குச் செல்லின் சூடு தெரிய வேண்டும். டிபி4056-ன் எட்டுக் கால்களில் முதல் கால் அதற்கென்றே இருக்கிறது. செல்லின் மேல் ஒட்டிய, சூட்டை உணரும் தெர்மிஸ்டரை அந்தக் காலோடு இணைத்தால், சூடு எல்லை மீறும்போது சார்ஜ் நின்றுவிடும், ஆறியதும் தொடரும். ஆனால் சந்தையில் கிடைக்கிற மலிவான டிபி4056 போர்டுகளில் பெரும்பாலும் அந்தக் காலை நேராகத் தரையோடு இணைத்துவிடுகிறார்கள். அப்படி இணைத்தால் வெப்பக் கண்காணிப்பே கிடையாது. தெர்மிஸ்டரின் விலை சொற்பம். அதை மிச்சம் பிடித்ததில், 100 டிகிரியைத் தாண்டிச் சுடும் ஐசியும், 45-ஐத் தாண்டக்கூடாத செல்லும், ஒன்றின் நிலை மற்றொன்றுக்குத் தெரியாமல் ஒரே டப்பாவில் விரலிடை தூரத்தில் கிடக்கின்றன. ஐரோப்பாவின் குளிர்ந்த அறையில் இது ஒருவேளை கவலையில்லாத விஷயமாக இருக்கலாம். வேங்கிக்காலின் சித்திரை மாதத்துக்கு இது பொறுக்க முடியாத அலட்சியம்.

இதோடு சேரும் இன்னொரு அலட்சியம் வேகம். அந்தப் போர்டுகள் 1200 ஓம் ரெசிஸ்டரோடு, அதாவது 1 ஆம்பியருக்கு அமைத்தே வருகின்றன. 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு அது சரி. அதையே 400 அல்லது 500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பொம்மை செல்லில் மாட்டினால், செல் தாங்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் திணிக்கிறோம். சின்ன செல்களுக்குக் கொள்ளளவில் பாதி அளவு மின்னோட்டமே உகந்தது என்பது பொதுவான வழக்கம். ரெசிஸ்டரை 2000 ஓமாக மாற்றினால் ஏறக்குறைய 580 மில்லி ஆம்பியர். 3000 ஓம் போட்டால் 400. 5000 ஓமுக்கு 250. மாற்றவேண்டியது அரிசியளவுகூட இல்லாத ஒரே ஒரு பாகம்தான். 400 மில்லி ஆம்பியரில் ஐசியின் சூடு 1.3 வாட்டிலிருந்து அரை வாட் அளவுக்கு இறங்கிவிடும், செல்லும் குளிர்ச்சியாக இருக்கும். 'அப்படியானால் 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு ஆறேழு மணி நேரம் ஆகுமே' என்பார்கள். ஆகும். இரவு பத்து மணிக்கு மாட்டினால் விடிவதற்குள் முடிந்துவிடும். நள்ளிரவில் வீட்டுக்குள் இருக்கும் சூடும் பகலைவிடக் குறைவு. எமர்ஜென்சி விளக்கையும் ட்ரிம்மரையும் இருபது நிமிடத்தில் ஏற்றியாக வேண்டிய அவசரம் யாருக்கும் கிடையாது. கைப்பேசி விளம்பரங்கள் வேகத்தைப் பெருமையாக்கிவிட்டன. அந்தப் பெருமையைக் கொசு பேட்டுக்கும் சுமத்துவதில் நியாயமில்லை.

'செல்லோடுதான் பாதுகாப்பு போர்டு வருகிறதே, பிறகு சார்ஜர் ஐசி எதற்கு' என்ற வாதமும் பழுதுபார்க்கும் மேசைகளில் உண்டு. செல்லின் தலையில் ஒட்டிய அந்தச் சிறு போர்டில் டிடபிள்யூ01ஏ போன்ற ஐசி இருக்கும். செல் சுமார் 4.3 வோல்ட்டைத் தாண்டினாலோ 2.4 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ அது இணைப்பைத் துண்டிக்கும். அது கடைசித் தடுப்பு. சார்ஜரின் வேலையை அதன் தலையில் கட்டினால் செல் ஒவ்வொரு முறையும் 4.2-ஐத் தாண்டி 4.3 வரை போய்த்தான் நிற்கும். ஒவ்வொரு முறையும் சிறிது ஆயுளை இழக்கும். மிக மலிவான சில பொருள்களில் சார்ஜர் ஐசியே இல்லாமல், ஒரு டையோடும் ரெசிஸ்டரும் மட்டும் போட்டு, இந்தத் தடுப்பை நம்பியே விற்கிறார்கள். சீரான மின்னோட்டமும் கிடையாது, படிப்படியான முடிவும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு டார்ச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மின்சாரத்தில் கால் பங்கைச் சூடாக்கும் லீனியர் ஐசியின் தரம் புரியும். வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒரே பச்சை விளக்கைத்தான் காட்டும் என்பதுதான் வேதனை.

அந்தப் பச்சை விளக்கு என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. செல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பழைய செல்லின் உள்தடை கூடிப்போயிருக்கும், அதனால் மாட்டிய சிறிது நேரத்திலேயே 4.2-ஐத் தொட்டுவிடும். அதில் ஏற இடமும் கொஞ்சம்தான் மிச்சம் என்பதால் பச்சையும் சீக்கிரம் வந்துவிடும், விளக்கு பத்து நிமிடத்தில் மங்கிவிடும். 'சார்ஜர்தான் போயிடுச்சு' என்று சார்ஜரை மாற்றுவதால் பயனில்லை, மாற்றவேண்டியது செல். இன்னொன்று: விளக்கை எரியவிட்டுக்கொண்டே சார்ஜ் போடும் வழக்கம். எரியும் விளக்கு இழுக்கிற மின்சாரமும் ஐசி வழியாகவே போவதால், செல் நிரம்பிய பிறகும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்குக்கு இறங்காமல் நிற்கலாம். ஐசி முடிவைக் காண முடியாமல் மணிக்கணக்கில் செல்லை 4.2-லேயே பிடித்து வைத்திருக்கும், தானும் சூடாகிக்கொண்டே இருக்கும். இந்தக் குறையைப் போக்கச் செல்லுக்கும் விளக்குக்கும் தனித்தனி வழிவிடும் ஐசிகள் இருக்கின்றன, நல்ல தயாரிப்புகளில் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி இல்லாத பொருளில், சார்ஜ் ஏறும்போது விளக்கை அணைத்து வைப்பதுதான் வழி.

செல் மாற்றும் இடத்தில் நடக்கிற ஒரு தவறு இதைவிட மோசமானது. சூரிய ஒளித் தெருவிளக்குகளில் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை செல் இருக்கும். அதன் எல்லை 4.2 இல்லை, சுமார் 3.6 வோல்ட். பார்வைக்கு ஒரே உருளை வடிவம், ஒரே வண்ண உறை. அதைக் கழற்றி டிபி4056 உள்ள டார்ச்சில் போட்டால் ஐசி தன் வேலையைச் சரியாகச் செய்து 4.2 வரை ஏற்றும், செல்லுக்கு அது கேடு. எந்த செல், எவ்வளவு கொள்ளளவு, எந்த எல்லை என்று பார்த்து மாட்டுகிற கடைக்காரருக்குப் பத்து ரூபாய் அதிகம் கொடுப்பது தகும். இந்தியாவில் விற்கப்படும் கையடக்கப் பொருள்களின் லித்தியம் செல்கள் ஐ.எஸ். 16046 தரத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், உறையில் அந்த எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தரம் செல்லைச் சோதிக்கிறது. செல்லுக்குப் பக்கத்தில் சார்ஜர் ஐசி எத்தனை ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருக்கிறது, தெர்மிஸ்டர் இருக்கிறதா, ஐசியின் அடிப்பகுதி உலோகத் திட்டு போர்டின் செம்போடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் அட்டைப்பெட்டியில் எவரும் எழுதுவதில்லை. சார்ஜ் மின்னோட்டமும் செல்லின் வெப்பக் கண்காணிப்பும் அட்டையில் இரண்டே வரிகளாக அச்சாக வேண்டும் என்ற விதி வந்தால் தயாரிப்பாளருக்குச் சில பைசாக்கள் கூடுதலாகும். 45 டிகிரியை எட்டிப்பிடிக்கும் ஊர்களில் வாழ்கிறவர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.